அறுபது கிராம் சாதம்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்குப் பன்னிரண்டாம் தடப் பேருந்து சாலையோர விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. பயணிகள் எவருக்கும் அடியில்லை. சட்டை தொப்பலாக நனைந்து, வாய் குழறி, இருக்கையில் சரிந்து கிடந்த ஓட்டுநரின் இரத்தச் சர்க்கரை நாற்பத்தொன்றாகத் தாழ்ந்திருந்தது.

செய்தி வந்தபோது அவருடைய மனைவி, தான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தராசுத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மாதங்களுக்கு முன்பு அவருடைய சர்க்கரை நோய்க்கு மருத்துவர் சொன்ன முறை எளியது. மதியம் மாத்திரை, உடனே காய்கறி, பிறகு பருப்பு, கடைசியில் நூற்றைம்பது கிராம் சாதம். அவள் அதை ஓர் ஆய்வாகவே நடத்தினாள். சாதத்தை எடைபோட்டு டப்பாவில் கட்டினாள். மாலைதோறும் அவர் விரலில் குத்திப் பார்த்த அளவைக் கட்டத்தாளில் புள்ளியிட்டுக் கோடு இழுத்தாள். கோடு இறங்க இறங்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை. யாரையும் கேட்காமல் நூற்றைம்பதை நூறாக்கினாள். ஜனவரியில் அது அறுபதாயிற்று. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

"ஏம்மா தராசு, எலிக்கு வச்ச சோத்த மாத்தி எனக்குக் கட்டிட்டியா?" என்று முதலில் அவர் சிரித்தார்.

"எலிகூட இவ்வளவு புலம்பாது. காயை மிச்சம் வைக்காம தின்னுங்க."

பிப்ரவரியில் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. "மூணு மணிக்கு மேல கை நடுங்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"சோத்துக்கு அடிபோடுறீங்க. இருபத்தாறு வருஷமா பாக்குறேனே, எனக்கா தெரியாது?"

அவர் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மருத்துவமனையில் அவள் நீட்டிய கட்டத்தாளை மருத்துவர் நெடுநேரம் பார்த்தார்.

"சாதத்தக் குறைச்சா மாத்திரையையும் குறைக்கணும்மா. ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

கட்டிலிலிருந்து கணவர் குறுக்கிட்டார்: "அவளத் திட்டாதீங்க டாக்டர். நடுங்குற கையோட வண்டிய எடுத்தது நான்தானே."

அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். ஆய்வுக்கூடத்தில் முள் ஒரு மயிரிழை விலகினாலும் குறித்துவைப்பவள், கட்டின கணவர் வாய்விட்டுச் சொன்னதை ஒரு நாளும் குறிக்கவில்லை. பேருந்தின் ஸ்டியரிங் சக்கரத்தைத் தவிர வேறு எதையும் விரும்பாத மனிதர் அவர். அன்று முழுவதும் அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் மூன்றாம் தேதி பணிமனையின் மருத்துவக் குழு கூடி, அவர் இனிப் பேருந்து ஓட்டக்கூடாது என்றும், நேரக் காப்பாளர் மேசையில் பணியாற்றலாம் என்றும் முடிவு செய்தது. மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, சாதத்தை மீண்டும் நூற்றைம்பது கிராமாக்கினார். மருத்துவரைக் கேளாமல் எந்த அளவையும் மாற்றுவதில்லை என்றும், உடம்பில் எது தோன்றினாலும் அன்றே அவரிடம் தெரிவிப்பது என்றும் கணவனும் மனைவியும் முடிவு செய்தனர்.