மூன்று பக்கச் சத்தம்

பழைய கணினிகளின் சத்தத்தில் நான் பாட்டுச் செய்கிறேன். லோ-ஃபை என்று சொல்லுவார்கள். வேகமில்லாத, கொஞ்சம் தூசி படிந்த இசை. பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் ஓடவிடுவார்கள், பெரியவர்கள் கேட்டுக்கொண்டே நித்திரையாகிவிடுவார்கள். பிளொப்பியின் இழுவை, வன்தட்டின் முனகல், கொழுத்த மொனிட்டரைப் போட்டதும் வரும் ‘டொங்’, எல்லாவற்றையும் பதிந்து, வெட்டி, மெதுவாக்கி அடுக்குவேன். முதற் பாட்டை வீட்டில் போட்டபோது என் அம்மா தங்கமுத்து தோட்டத்துத் தண்ணீர் மோட்டரை நிறுத்த ஓடினார். அது ஓடிக்கொண்டிருக்கவில்லை. திரும்பி வந்து, “அப்ப ஆரின்ரை மோட்டர் பழுதாப் போச்சு?” என்று கேட்டார். எனக்குக் கிடைத்த விமர்சனம் அவ்வளவுதான்.

ரசிகை என்று ஒருத்தி இருந்தாள். தனுஷா. அச்சுவேலியில் அரிசி ஆலைக் கந்தோரில் எனக்கு எதிர் மேசை. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முன்னமே ஹெட்போனுக்குக் கை நீட்டுவாள். கேட்டு முடித்து, “ரெண்டாவது ‘டக்’ கொஞ்சம் அவசரப்படுது” என்பாள். அவசரப்பட்டுத்தான் இருக்கும்.

எனக்கு அவளில் சரியான விருப்பம். முப்பத்தாறு வயதில் அதைச் சொல்லத் தெரியாமல் இருப்பது வெட்கக்கேடு, ஆனால் தெரியவில்லை. அவளுக்கு எட்டில் செவ்வாய். அவளுடைய சாதகம் எங்கள் இருவரின் ஊரான உரும்பிராயில் வீடு வீடாகப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏனோ வரவில்லை.

உரும்பிராயில் சாதகம் கணிக்கிறவர் குணலட்சுமி அக்கா. சமாதான காலத்தில் வாங்கிய கணினி அவருடையது. ஊரில் கலியாணம் கட்டாத சனம் முழுவதும் அதன் பிளொப்பிகளுக்குள் கிடந்தது. மொனிட்டருக்கு மூன்று குறி வீபூதி. பிறிண்டர் ஊசியால் குத்திக் குத்தி அடிக்கும் பழைய ரகம். அது கத்தத் தொடங்கினால் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிடும், ஆருக்கோ கலியாணப் பேச்சு நடக்கிறதென்று. கனடாவில் இருக்கும் மகன் மடிக்கணினியும் புது பிறிண்டரும் வாங்கிக் கொடுத்துவிட்டானாம், பழையது வெள்ளிக்கிழமை இரும்புக்காரரிடம் போகிறதாம் என்று கேள்விப்பட்டு, ஒலிவாங்கியோடு ஓடினேன்.

“சும்மா ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோ அக்கா.”

“சும்மா அடிக்க இதென்ன உன்ரை சைக்கிள் மணியோ? சாதகம் கேள், அடிக்கிறன்.”

என் சாதகம் ஒரே ஒரு பக்கம். அதை வைத்துப் பாட்டின் தொடக்கத்தைக்கூடச் செய்ய முடியாது. எது நீளம் என்று விசாரித்தேன். பொருத்தம் பார்த்தால் மூன்று பக்கம் என்றார்.

“அப்ப பொருத்தம் அடியுங்கோ.”

அக்கா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “பெட்டை ஆர்?”

“ஆரெண்டாலும் பரவாயில்லை. நீளம்தான் தேவை.”

“அடேய், உதுக்கு ஒரு பேர் குடுக்கவேணும்.”

ஊரில் எத்தனையோ பேர்கள். என் வாயில் வந்தது தனுஷா.

ஒலிவாங்கியைப் பிறிண்டரின் வயிற்றோடு ஒட்டி வைத்தேன். முதல் இரண்டு பக்கமும் தங்கமாகப் போயின. மூன்றாவதில் கடதாசி இறுகியது. அது நகர மாட்டேன் என்று நிற்க, ஊசி விடாமல் ஒரே இடத்தில் குத்தியது. கர்க், கர்க், கர்க். தவமிருந்தாலும் அப்படி ஒரு தாளம் வாய்க்காது. அக்கா பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார், அதுவும் பதிந்தது. ஹெட்போனைக் கழற்றாமலே கும்பிட்டுவிட்டு வெளிக்கிட்டேன். கடதாசியும் கையுமாக வாசற் படலை வரைக்கும் வந்து அக்கா வாயசைத்தார். நான் கைகாட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

பின்னேரம் அம்மா படலையில் நின்றார்.

“பொருத்தம் பாத்தனியாம்.”

“சத்தத்துக்கு அம்மா.”

“சத்தத்துக்கு ஆரடா பொருத்தம் பாக்கிறது? ஊர் முழுக்கக் கேட்ட பிறகு நான் கேக்கிறன்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கடதாசியில் ஒரு முடிவும் இருந்திருக்கும். பொருந்தாது என்று வந்திருந்தால், அவளை வேண்டாமென்ற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அதுவும் அவள் கேளாமலே. எனக்குப் பயம் பிடித்தது.

“என்ன வந்ததெண்டு சொல்லாதேங்கோ.”

“சொல்லுறதுக்கு ஒண்டுமில்லை,” என்றுவிட்டு அம்மா உள்ளே போனார். அது நல்ல செய்தி மாதிரிக் கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தனுஷா பின்பக்கம் மூட்டை அடுக்கும் இடத்தில் போயிருந்து சாப்பிட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. பாட்டு முடிந்திருந்தது, நான் செய்ததில் அதுதான் திறம். கேட்க ஆளில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை இரும்புக்காரர் வந்து கணினியைப் பிறிண்டரோடு ஏற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை தனுஷா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“என்ரை பேரைக் குடுத்தனீங்களாம்.”

“மூண்டு பக்கம் தேவைப்பட்டது.”

“நாகலிங்கம் மாமாவின்ரை மகள் தயாளினிக்குப் பாத்தாலும் மூண்டு பக்கம்தான் வரும்.”

“வேறை பேர் வாயிலை வரேல்லை,” என்றேன்.

அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கை நீட்டினாள். ஹெட்போனைக் கொடுத்தேன். பிறிண்டர் தொடங்கியதும் முகம் கல்லானது.

“இந்தச் சத்தம் கேட்டால், பிறகு ஒரு கிழமைக்கு எங்கடை வீட்டிலை ஒருத்தரும் வடிவாச் சாப்பிடாயினம்.”

கழற்றப்போகிறாள் என்று நினைத்தேன். கழற்றவில்லை. இறுகிய இடம் வந்ததும் அவளுடைய விரல் மேசையில் தட்டத் தொடங்கியது.

“இது என்ன?”

“கடதாசி இறுகின இடம். அதைத்தான் தாளமாப் போட்டனான்.”

கைப்பையிலிருந்து மடித்த கடதாசியை எடுத்து விரித்தாள். அது அந்த மூன்றாம் பக்கம். மேலே ‘செவ்வாய்’ என்ற தலைப்பு. அதன் கீழே, முடிவு வரவேண்டிய இடத்தில், வரிக்கு மேல் வரி ஏறித் தடித்த கறுப்புக் கோடு ஒன்று. அம்மா பொய் சொல்லவில்லை. சொல்லுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

“குணலட்சுமி அக்கா தந்துவிட்டவா. எங்கடை அம்மா பூதக்கண்ணாடி வைச்சும் பாத்தவா,” என்றாள். “அக்கா புதுசிலை திருப்பி அடிச்சுத் தாறாவாம். பின்னேரம் வரட்டாம்.” என்னைப் பார்க்காமல் கடதாசியைப் பார்த்தபடி கேட்டாள்: “அடிப்பிப்பமோ?”

என் நெஞ்சு அடித்த அடியைப் பதிந்திருந்தால் அடுத்த பாட்டுக்கு ஆகியிருக்கும்.

“புதுசிலை சத்தம் வராது,” என்றேன்.

தனுஷா கடதாசியை மடித்து உள்ளே வைத்தாள்.

“அப்ப அது எங்களுக்கு என்னத்துக்கு?” என்றுவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை என் மேசையில் வைத்துத் திறந்தாள்.