லயத்துப் பெரட்டில் ஒரு கணுக்கால்

சுலக்ஷனாவின் இடது கணுக்கால் ஏன் இன்னும் வீங்குகிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத விஷயம் என்றால் எனக்குக் கோபம் வரும். நான் பாடசாலை ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். அடிபட்ட பிள்ளையை மறுபடி ஓட வைப்பதும் என் வேலைதான். அவளுக்கு எலும்பு முறியவில்லை. இறக்கத்தில் ஓடும்போது கால் பிரண்டு, வெளிப்பக்கத்துச் சவ்வு இழுபட்டிருந்தது, அவ்வளவுதான். முதல் வீக்கம் வடிந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன். படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கு, ஒற்றைக் காலில் கண்ணை மூடிக்கொண்டு நில். காலையில் ஒரு தடவை, பாடசாலை விட்டு வந்து ஒரு தடவை.

நுவரெலியாவில் மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதலாவதாக வந்தால்தான் மாகாணத்துக்குப் போகலாம். அவளுடைய வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வருடம். இதை விட்டால் அப்புறம் பாடசாலை ஓட்டமே கிடையாது.

"கூடக்கொறைய ஏதும் செய்றியா?"

"மிஸ் சொன்னதத்தான் செய்றேன்" என்று தரையைப் பார்த்தாள்.

பொய் சொல்லும் பிள்ளை அல்ல. ஆனால் காலையில் எழுந்ததும் வீக்கம் கூடியிருந்தால், முந்தின நாள் வேலை அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், சொல்லாமல் கொள்ளாமல் வட்டவளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளாக இருக்கும் அவர்கள் லயத்துக்கு ஏறிப்போனேன்.

வாசற்படியில் நின்று சுலக்ஷனா குதிகாலை உயர்த்திக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கூடையோடு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிய ஒரு பெண் எதிரே நின்று கவனமாகப் பார்த்துவிட்டுப் போனார். உடனே அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ஐவி அக்கா வந்தார்.

"நான் பாக்கலியே. எங்க, ஒருக்கா செய் புள்ள."

அவருக்கும் செய்து காட்டினாள். இன்னொரு காம்பராவிலிருந்து பல் துலக்கிக்கொண்டே வந்தார் பொன்னையா அண்ணன்.

"ஒத்தக் கால்ல நில்லு பாப்போம். கண்ண மூடு, கண்ண மூடு! மிஸ் சொன்னது மறந்திருச்சா?"

தலையில் அடித்துக்கொண்டேன். என் பயிற்சியை லயமே சேர்ந்து பெரட்டு ஆக்கியிருந்தது. காலையில் ஆள் கணக்கு எடுப்பது போல, ஒவ்வொருவரும் தம் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி. வாழ்நாள் முழுக்கக் கங்காணியின் கண்ணுக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு, முதல் தடவையாகத் தாங்களே மேற்பார்வை பார்க்கக் கிடைத்திருக்கிறது. விடுவார்களா?

"நிறுத்துங்க! எல்லாருமா சேந்து கால ஒடச்சே போட்டுருவீங்க போலிருக்கே!" என்று கத்தினேன்.

அவள் அம்மா சண்முகவடிவு அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "நல்லதுன்னுதானே மிஸ் செஞ்சோம். இந்த லயத்துல இருந்து ஒருத்தி நுவரெலியா போய் ஓடப் போறான்னு ஆளாளுக்கு அவ்வளவு ஆச." முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

இவ்வளவு ஆசையை வீணாக்குவது பாவம் என்று தோன்றியது.

"சரி, மேற்பார்வை பாருங்க. ஆனா செய்ய வைக்கிறது அம்மா மட்டுந்தான். மத்தவங்களுக்கு வேற வேல. இவ கூடுதலா செஞ்சாலோ, ஓடுனாலோ, 'போதும், நில்லு'ன்னு சொல்லணும்."

"அவ்வளவுதானா?" என்றார் பொன்னையா அண்ணன், ஏமாற்றத்தோடு.

ஆனால் அந்த வேலையையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. சுலக்ஷனா ஊற்றுப் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கக் கொஞ்சம் எட்டி நடந்தாலே, மேலே கொழுந்து பறிக்கிற இடத்திலிருந்து குரல் வரும்: "போதும் புள்ள, நில்லு!"

"மூச்சு விட்டாக்கூட நில்லுங்கிறாங்க மிஸ்" என்று அழாக்குறையாகச் சொன்னாள். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். வீக்கம் வடிந்துகொண்டிருந்தது.

பிறகு துள்ளல், மெல்லோட்டம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டினேன். கடைசியில் அவள் கால் பிரண்ட அதே இறக்கத்துக்குக் கூட்டிப்போனேன்.

"பயமா இருக்கு மிஸ்."

"இருந்துட்டுப் போகட்டும். பயத்தோடயே எறங்கு."

ஓடி இறங்கினாள். அடுத்த நாள் காலை கணுக்கால் துளியும் வீங்கவில்லை. அன்றைக்கே போட்டிக்குப் பெயர் கொடுத்தேன்.

நுவரெலியா மைதானத்தில் பனிமூட்டம் விலகும்போது, லொறி பிடித்து வந்த லயத்து ஆட்கள் எல்லைக்கோட்டுக்கு அருகே இடம் பிடித்துவிட்டார்கள். கடைசிச் சுற்றில் சுலக்ஷனா மூன்றாவது. முன்னால் இரண்டு பேர் வழியை அடைத்துக்கொண்டு ஓடினார்கள். முந்த வேண்டுமென்றால் வளைவில் அந்த இடது காலை அழுத்தி உதைத்து வெளியே விலகியாக வேண்டும்.

உதைத்தாள். கால் தாங்கியது. ஒருத்தியைக் கடந்தாள், அடுத்தவளையும் கடந்தாள், நாடாவை நெஞ்சால் அறுத்தாள். நான் யாரையோ கட்டிப்பிடித்து அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் ஐவி அக்கா.

சுலக்ஷனாவோ நிற்கவே இல்லை. இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு அடுத்த வளைவுக்குள் ஓடினாள். பழக்க தோஷத்தில் லயமே எழுந்து கத்தியது.

"போதும் புள்ள, நில்லு!"

சண்முகவடிவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சுலக்ஷனா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கால் மட்டும் நிற்கவில்லை.

"விடுங்க!" என்று நானும் கத்தினேன். "ஓடட்டும்!"