கேட்டில் பிடிபட்ட கணக்கு

மலாக்காவில் மஸ்ஜித் தானா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரியநாயகிக்கு வாய்த்த வேலை இருக்கிறதே, அது எதிரிக்கும் வேண்டாம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, முள்வேலிக் கேட்டில் நின்று பெண்களைச் சோதித்து அனுப்ப வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் அவளிடம் முகம் கொடுப்பதில்லை. வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள் கோமளா ஒருத்திதான்.

அந்தக் கோமளாவின் முந்தானை முடிச்சிலா அன்று காலை காகிதம் அகப்பட வேண்டும்? 4, 12, ?, 108 என்று எழுதியிருந்தது. எழுதிய தாள் எதுவானாலும் போலீஸிடம் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. காட்டிவிட்டாள், பாவி.

கேட்டில் காவலிருந்த போலீஸ் கார்ப்பரல் பெரியதம்பி தொப்பியை நிமிர்த்தினார்.

“நூத்தியெட்டு தேங்கா பிள்ளையாருக்கு, சரி. நாலும் பன்னெண்டும் யாருக்கு? நடுவுல என்னத்த மறைக்கிற?”

“ஐயோ அண்ணே, இன்னிக்கு மலாக்காவுல டீச்சர் பரீட்சை, அதுக்குப் படிக்கிற கணக்கு! ஒரே எண்ணால பெருக்கிட்டே போகணும். விட்டுப்போனதக் கண்டுபிடிக்கணும்.”

“பன்னெண்டுக்கும் நூத்தியெட்டுக்கும் நட்டநடுவுல அறுபது. பன்னெண்ட அஞ்சால பெருக்கினா அறுபது. அறுபத அஞ்சால பெருக்கினா முந்நூறுலா வருது! யாரை ஏமாத்துற? நட ஸ்டேஷனுக்கு!”

மலாக்கா பஸ் ஹாரன் அடித்தது. பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவை. கோமளா அழுதாள். பெரியநாயகி தாளை மறுபடி எட்டிப் பார்த்தாள். தன் கையாலேயே பெண்ணின் வாழ்வைக் கெடுத்துவிட்டாளே!

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பத்து வருஷம் ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் நின்றவளுக்கு எண் அத்துப்படி. ஒளித்ததைத் தேட, கண்ணுக்குத் தெரிவதிலிருந்துதானே அவள் எப்போதும் தொடங்குவாள்? நாலு பன்னிரண்டானது எப்படி? மூன்று மடங்கு.

“அண்ணே, நடுவுல தேடாதீங்க, மொதல்லேருந்து வாங்க. மூணு பன்னெண்டு முப்பத்தாறு. அதை மூணால பெருக்குங்க.”

கார்ப்பரல் சிகரெட் டப்பா மேல் எழுதிப் பெருக்கினார். நூற்றெட்டு வந்தது. இன்னொரு தடவை பெருக்கினார். அப்போதும் நூற்றெட்டுத்தான்.

“அடக் கடவுளே, கணக்குத்தான்லா!” என்று அவரே ஓடிப்போய் பஸ்ஸை மறித்தார்.

கோமளா ஏறும் முன் அதே தாளில் எதையோ கிறுக்கி, “சாயங்காலம் விடை சொல்லணும்க்கா!” என்று பெரியநாயகியின் கையில் திணித்தாள். பஸ் கிளம்பியது.

5, ?, 45. பெரியநாயகி தாளை மடித்து இடுப்பில் செருகினாள்.

“என்ன அது? காட்டு!” என்றார் கார்ப்பரல்.

“என்னைச் சோதிக்க வேற பொம்பளையக் கூட்டிட்டு வாங்க.”

அவர் கெஞ்சிய பிறகுதான் காட்டினாள். விரல்விட்டு எண்ணி, பதினைந்து என்று அவள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். அவர் மறுபடியும் நட்டநடுவில் தேடி இருபத்தைந்து என்றார்.