சத்தமாகப் படிக்க வேண்டிய பக்கம்

பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிற சுவடிப் பிரிவுக்குள் யார் நுழைந்தாலும், துணைவேந்தரே வந்தாலும், வாசலில் பேனாவைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பழைய தாளில் ஒரு சொட்டு மை விழுந்தால் போச்சு. பேனாவை வாங்கிக்கொண்டு பென்சிலை நீட்டுகிறவள் அந்தப் பிரிவின் காப்பாளர். இருபத்தாறு வருஷமாக நீட்டி நீட்டி அவளுக்குப் பென்சில் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ரொம்பக் கறாரானவள் என்பார்கள். கறார்தான். ஆனாலும் ஒரு டீச்சரிடம் இரண்டு தடவை வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். அவருடைய கொள்ளுத் தாத்தா வைத்தியர். பிரிவின் பெருமையே நூற்றுப் பன்னிரண்டு மருத்துவச் சுவடிகள்தான். பல்கலைக்கழகத்தை நிறுவிய பெரியவர் ஊர் ஊராக அலைந்து சேர்த்தவை என்று வாசல் பலகை மார்தட்டிக்கொள்கிறது. அலையவும் இல்லை, சேர்க்கவும் இல்லை, எங்கள் வைத்தியரிடம் இரவல் வாங்கிக்கொண்டு போனவை என்கிறார்கள் டீச்சர் வீட்டில். அதற்குச் சாட்சி பெரியவரின் நாட்குறிப்பு ஒன்றுதான். அதைக் கேட்டு வந்த டீச்சரிடம், "அப்படி ஒன்னு எங்ககிட்ட இல்லையே" என்று இரண்டு தடவையும் சொல்லி அனுப்பியது பென்சில் அக்கா. சொல்லச் சொன்னது பதிவாளர்.

நாளைக்கு ஆட்சிக்குழு கூடுகிறது. சுவடிகளுக்குப் பெரியவர் பெயரை நிரந்தரமாகச் சூட்டப் போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் இன்று மாலைக்குள் ஆதாரத்தோடு எழுதித் தர வேண்டும். வைத்தியர் பெயர் நிற்குமா, அடியோடு அழியுமா என்பதைத் தீர்மானிக்க இன்று ஒரு நாள்தான் இருந்தது.

பொய்யைவிடப் பழைய குற்றம் ஒன்றும் அவள் கணக்கில் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போதிருந்த பிரிவுத் தலைவர் பெரியவரின் நாட்குறிப்பில் ஒரு பக்கத்தைக் காட்டி, "இதை மூடிடும்மா" என்றார். ஏன் என்று கேட்க நாக்கு எழவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றை வெட்டி ஓரங்களில் மட்டும் மாவுப்பசை தடவி ஒட்டினாள். எப்போது வேண்டுமானாலும் பிரித்து எடுக்கிற மாதிரித்தான் எதையும் ஒட்ட வேண்டும் என்பது அந்த வேலையின் பாலபாடம். பாவத்தைக்கூட ஒழுங்காகத்தான் செய்திருந்தாள்.

அந்தத் தாளைப் பிரித்து டீச்சரிடம் காட்டப் போவதாகக் காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"உனக்கெதுக்கு இந்த வம்பு? இன்னும் நாலு வருஷம். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடு" என்றார் அவர்.

"கடிச்சுக் கடிச்சுப் பல்லே தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

நூலகத்துக்கு வந்து சேர்ந்தபோது பிரிவைத் திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஈரப் பஞ்சால் ஓரங்களை ஒற்றி ஒற்றி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, தாளைப் பிரித்தெடுத்தாள். பெரியவரின் கையெழுத்து நேற்று எழுதினது மாதிரி இருந்தது. படித்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து மணிக்கு டீச்சர் மூன்றாம் தடவையாக வந்தார். "இன்னைக்கும் இல்லைன்னுதான் சொல்வீங்க. கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்" என்றார்.

"உக்காருங்க டீச்சர்" என்று நாட்குறிப்பைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள்.

டீச்சர் படித்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு பென்சிலால் எழுத ஆரம்பித்தார். படம் எடுக்க வழியில்லை. போன மாதம்தான் பதிவாளர் சுற்றறிக்கை விட்டிருந்தார்: படம் எடுக்கக் கூடாது, கையால் படி எடுக்கலாம், காப்பாளர் ஒப்புநோக்கிக் கையெழுத்திட்டால் மட்டுமே அந்தப் படி செல்லும்.

பதினொரு மணிக்குப் பதிவாளர் போன் செய்தார். "அந்த அம்மா போயாச்சா?"

"இல்ல சார். படிச்சுட்டு இருக்காங்க."

அடுத்த நிமிஷம் அவர் மூச்சு வாங்க மாடியில் நின்றார்.

"பேனா, சார்."

"என்கிட்டயேவா?"

"எல்லார்கிட்டயும்தான் சார்."

முறைத்துக்கொண்டே கொடுத்தார். உள்ளே ஏழெட்டுப் பேர் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரத்தில், தினமும் தூங்குவதற்கென்றே வருகிற ஓய்வுபெற்ற பேராசிரியர் தூங்கிக்கொண்டிருந்தார். பதிவாளர் குரலைத் தாழ்த்தினார். "அதுல நீங்க கையெழுத்துப் போட்டா, நாளையில இருந்து கீழ பழைய பேப்பர் கிடங்குலதான் உக்காரணும். பாத்துக்குங்க."

"சரி சார். முதல்ல ஒப்புநோக்கிடறேன்."

பேச்சே கூடாத அந்த அறையில் ஒன்றே ஒன்றுக்கு விலக்கு உண்டு. ஒப்புநோக்கும்போது ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும், புள்ளி, கால்புள்ளி உட்பட. இன்னொருவர் படியைப் பார்த்து வர வேண்டும். எழுதியவரே பார்க்கக் கூடாது.

"நீங்களே பாருங்க சார்" என்று படியை நீட்டினாள். பதிவாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இங்க குடும்மா, நான் பாக்கறேன்." பேராசிரியர் எழுந்து வந்தார். எப்போது விழித்தாரோ!

பென்சில் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். நாட்குறிப்பை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். "வைத்தியரிடம் படியெடுக்க இரவலாகப் பெற்ற சுவடிகள் நூற்றுப் பன்னிரண்டையும் கேட்டு, கால்புள்ளி, இன்று அவர் மகன் மூன்றாம் முறையாக வந்தான், முற்றுப்புள்ளி."

குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

"மெதுவாப் படிங்கம்மா" என்று பல்லிடுக்கில் சொன்னார் பதிவாளர்.

"மெதுவாப் படிச்சா தப்பு வந்துடும் சார்." இன்னும் உரக்கப் படித்தாள். "நான் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பச் சொன்னேன், முற்றுப்புள்ளி. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, முற்றுப்புள்ளி."

"எல்லாம் சரியா இருக்கு" என்றார் பேராசிரியர், அறைக்கே கேட்கும்படி.

பதிவாளர் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். பேனாவை வாங்கிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா. உங்களுக்கு எந்தக் கெடுதலும் வரக் கூடாது."

நன்றி என்ற சொல் அவளைச் சுட்டது. கையை விடுவித்துக்கொண்டு, பென்சிலை எடுத்து டீச்சர் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் முடியல டீச்சர். கீழ எழுதுங்க. இந்தப் பக்கத்து மேல தாள் ஒட்டி மறைச்சது நான். உங்ககிட்ட ரெண்டு தடவை இல்லைன்னு பொய் சொன்னதும் நான். எழுதுங்க. அதுக்கும் சேத்தே கையெழுத்துப் போடறேன்."