வடக்கு நோக்கி ஓடும் லுவலாபா

…அப்படியென்றால் அந்த ஆறு வடக்கேதான் போகிறது, உத்தரவாகினி, காசியில் கங்கை சற்றே வடமுகம் திரும்புவதற்கே கைகூப்பி நிற்கிறோமே, இந்த லுவலாபா நூற்றுக்கணக்கான மைல் வடக்கு முகமாகவே நடக்கிறதாமே, இதைப் பாட ஓர் அடியார் அங்கே பிறந்தாரோ இல்லையோ… வளைகுடாக் கரையிலுள்ள தேராவின் கார்கோ கடையில், பதின்மூன்று தையல் இயந்திரங்கள் அடங்கிய மூட்டையின்முன் குத்துக்காலிட்டிருந்த வெங்கட்ராமனுக்கு மேனி சிலிர்த்தது, கை தானே குவிந்தது. சாக்கின்மேல், மூட்டையை அனுப்ப வந்த ஜைனபு சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டிய கோடுதான் ஆறு, அதன் நடுவில் வைத்த புள்ளி கிண்டு, அவளுடைய ஊர், காங்கோ நாட்டின் மனியேமா மாகாணத்துத் தலைநகர். அங்கே பதின்மூன்று பெண்கள் தையற்கடைக்கு இடம் பிடித்துவிட்டு, ஆளுக்கோர் இயந்திரம் வருமென்று காத்திருக்கிறார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நேற்று அவரே கறுப்பு மையால் எழுதிய பெயர்… மத்தாடி, மேற்கே ஆறு கடலில் கலக்கும் பக்கத்துத் துறைமுகம். உரியவர் பெயரை மூட்டைமேல் எழுதுவதில்லை, இறங்கும் துறையின் பெயர் போதும், அதுதான் கடையின் வழக்கம். தேசப்படத்தில் ஒரே நீலக்கோடாய் ஆறு கடலைத் தொட்டதைக் கண்டு, மத்தாடியில் இறக்கிப் படகேற்றினால் ஊர் சேருமென்று எண்ணிவிட்டாரே, நடுவில் அருவிகள் உண்டென்று அந்தக் கோடு சொல்லவில்லையே…

“படகு மாஃபி, பாய், படகு போகாது,” என்று தேராவில் பழகிய அரபி கலந்த இந்தியில் சொல்லி, அவள் கோட்டை ஈரிடத்தில் விரலால் அழித்தாள். அழிந்த இடங்களில் ஆறு பாறைமேல் விழுந்து முழங்குகிறதாம். என்ன பெருமை, நில்லென்று மனிதனைத் தடுக்கும் நீர்! கிழக்கே தார் எஸ் சலாமில் இறக்கி, ரயிலேற்றி, கடல்போன்ற ஏரியைக் கடந்து, மறுபடி ரயிலேற்ற வேண்டுமாம். நான்கு மணிக்கு லாரி, இப்போதே மூன்றரை, பதினேழு ஆண்டில் ஒரு மூட்டைகூட வழி தவறவிட்டதில்லை என்ற பேர்… பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பதின்மூன்று பேருக்குத் தெரியும்.

“என்ன சாமி, மூட்டைக்கு அர்ச்சனையா பண்றீங்க? லாரிக்காரன் கத்துறான், யல்லா, சீக்கிரம்!” என்றார் முதலாளி ஹசன் அலி.

“இது போகக்கூடாது பாய். தப்பு என்மேலதான். துறையை மாத்தி எழுதிட்டேன்.”

“நீங்களா? நாளைக்குச் சூரியன் மேற்கே உதிக்கும்போல!” சிரித்துவிட்டு, அவரே மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்து ஒதுக்கினார்.

மத்தாடியை அடித்துவிட்டுக் கிழக்குத் துறையின் பெயரை வெங்கட்ராமன் எழுதினார். ஜைனபு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பழைய வழிதான், பாய். சான்சிபார் வணிகர்கள் யானைத் தந்தத்தை எங்கள் ஆட்கள் தலையில் ஏற்றி, அவர்களையும் சங்கிலியில் கோத்து, கடலுக்கு நடத்திப்போன வழி. போனவர்கள் திரும்பவில்லை. மிஷினாவது போய்ச் சேரட்டும்.”

வெளியே கடற்கழியில் அப்ராப் படகொன்று கரையை ஒட்டியது… சங்கிலியோடு கடலுக்கு வந்தவர்களை எந்தத் துறையில் இறக்கினார்கள், இந்த நீரையும் யாரேனும் பார்த்திருப்பாரோ, அவர்களுக்கும் இறங்கும் துறையின் பெயர் மட்டும்தான் எழுதப்பட்டதோ… ஆற்றுக்குக் குவிந்த கை அவர்களை நினைத்ததும் எங்கே குவிவதென்று அறியாமல் மைக்கோலோடு நின்றது. பிறகு, வழக்கமில்லாத வழக்கமாய், துறைக்குக் கீழே பெரிதாக எழுதினார்: ஜைனபு, கிண்டு. மை உலரும்வரை விரலை அருகிலேயே வைத்திருந்தார், ஏனென்று அவருக்கே விளங்கவில்லை…