முகப்பில் முப்பத்தாறு முகங்கள்

வெப்சைட் என்றால் என்னவென்று ராஜமாணிக்கத்துக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரியாது என்பதே தெரியாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, "இதைத் தூக்கு, அதைப் போடு" என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2009-ஆம் வருஷம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எனக்கு ஆபீஸ். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, வாசலில் 'ஜான்சி வெப் டிசைன்ஸ்' என்று ஒரு போர்டு. ராஜமாணிக்கத்துக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருபத்திரண்டு ரூம் லாட்ஜ். ஊரில் யாரோ வெப்சைட் வைத்துவிட்டார்களாம், இவருக்கும் வேண்டுமாம்.

முதல் நாள் அவர் கூட வந்தவர் சௌந்தரம் அக்கா. இறந்துபோன தம்பியின் மனைவி. பதினோரு வருஷமாக லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து போன் எடுப்பவர் அவர்தான். குடியிருப்பதும் ரிசப்ஷனுக்குப் பின்னால் உள்ள ரூமில்தான். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். இரண்டு மாதமாகப் போனில் யார் என்ன கேட்டார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தார். சுடுதண்ணீர் உண்டா, கோயிலுக்கு நடந்து போகலாமா, வயசானவர்களுக்குக் கீழ் ரூம் கிடைக்குமா, அகலப்பாதை வேலை முடிந்து ரயில் விட்டாச்சா, காலை நாலு மணிக்கு கேட்டைத் திறப்பீர்களா. எது எத்தனை முறை என்று பக்கத்தில் கோடு போட்டிருந்தார்.

பி.சி.ஏ. படித்த மூன்று வருஷத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. வருகிறவனுக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை முதலில் சொல், அப்புறம் போன் நம்பரைக் கொடு, அவ்வளவுதான் வெப்சைட். அங்கேயே ஒரு தாளில் நாலு பக்கத்துக்குப் படம் போட்டுக் காட்டினேன். முதல் பக்கத்தில் நம்பர், கொட்டை எழுத்தில்.

ராஜமாணிக்கம் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஜவுளிக்கடைக்காரங்க லாட்ஜ் இருக்கற இடத்தைக் கேட்டுகிட்டே இருக்காங்க ஜான்சி. இந்தத் திருவாதிரைக்கு வெப்சைட்டைப் பாத்துட்டு பத்து ரூமாவது வரணுமாம். இல்லன்னா தை பொறந்ததும் லாட்ஜை இடிச்சிடுவேன்னு மாமா சொல்லிட்டாரு. இடிச்சா நான் குறிஞ்சிப்பாடிக்கு அண்ணன் வூட்டுக்குத்தான் போவணும். அங்க அண்ணி மூஞ்சியப் பாத்து சோத்துல கை வைக்கணும்."

"கவலைப்படாதீங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை ராஜமாணிக்கம் தனியாக வந்தார். கையில் ஒரு பை நிறைய போட்டோ. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், சம்பந்தி வீட்டார், பேரன் பேத்தி.

"முதல் பக்கத்துல நம்ம ஜனங்க அத்தினி பேரும் வரணும்மா."

"இது லாட்ஜ் வெப்சைட் சார். கல்யாணப் பத்திரிகை இல்ல."

"எதுவா இருந்தா இன்னா? நாலு பேரு பாக்கறதுதான? நம்மாளுங்க இல்லன்னா நாளைக்கு நாக்கப் புடுங்கற மாதிரி கேப்பாங்க."

வரிசைக்கு நாலு பேர். ஒன்பது வரிசை. இதில் நெல்லிக்குப்பத்து மச்சான் ராஜவேலுவை இரண்டாவது வரிசையில் வைத்துவிட்டேனாம். அது தெரிந்து அந்த ஆள் கோபித்துக்கொண்டு இவர் பேத்தி காதுகுத்துக்கு வரவில்லையாம். அவரை முதல் வரிசைக்கு ஏற்றினால் தாய்மாமனுக்கு ரோஷம். மூன்று சனிக்கிழமை இந்தக் கூத்து நடந்தது. ஆளை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதுமாக நான் லிப்ட் ஆபரேட்டர் வேலை பார்த்தேன். அக்காவின் கேள்விகள் எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கடைசியாக, முப்பத்தாறு முகங்களுக்கும் கீழே போன் நம்பரை வைத்திருந்தேன். ராஜமாணிக்கம் அதைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"ஐயையே! படத்துக்குக் கீழ நம்பரு போட்டிருக்கியே, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கும்மா! அத்தினி பேரும் உசுரோட இருக்காங்க. எடு, எடு."

"நம்பர் இல்லன்னா எப்படி சார் ரூம் கேப்பாங்க?"

"நம்ம நம்பரு சிதம்பரத்துல யாருக்குத் தெரியாது?"

சிதம்பரத்தில் வீடு வைத்திருப்பவன் எதற்காக லாட்ஜில் ரூம் கேட்கப் போகிறான் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எருமை மேல் மழை பெய்து என்ன ஆகப் போகிறது? அவர் சொன்னபடியே எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் ஓர் ஓரமாகப் போட்டிருக்கலாம், அவர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். 'பட்டுத் தெரிஞ்சிக்கட்டும்' என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது நெஞ்சுக்குக் குளிர்ச்சியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் கருத்து எழுத ஓர் இடம் மட்டும் வைக்கச் சொன்னார். நாலு பேர் அவரைப் புகழ்ந்து எழுத வேண்டுமாம்.

கார்த்திகையில் திறப்பு விழா. ஆம், வெப்சைட்டுக்குத் திறப்பு விழா. லாட்ஜ் ரிசப்ஷனில் மானிட்டருக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, ராஜவேலு கத்தரிக்கோலால் வெட்டினார். தேங்காய் உடைத்து மானிட்டருக்குக் கற்பூரம் காட்டினார்கள். ஒவ்வொருவரும் திரையில் தன் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். லாட்ஜில் நெட் கிடையாது, என் டேட்டா கார்டைத்தான் செருகியிருந்தேன். அதைக் கழற்றும்போது அக்கா பக்கத்தில் வந்தார்.

"யாராச்சும் எழுதினா எனக்கு ஒரு போன் போடு ஜான்சி."

"சரிக்கா."

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி முதல் கருத்து வந்தது. கோயம்புத்தூர்க்காரர். 'திருவாதிரைக்கு மூன்று ரூம் வேண்டும். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. கீழ் ரூம் உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். போன் நம்பர் எங்கே?' படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். மறுநாள் சேலத்திலிருந்து ஒன்று. அப்புறம் தினமும் காலையில் வந்ததும் அதைத் திறந்து பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. 'குடும்பப் படம் அருமை, ரூம் வேண்டும், நம்பர் இல்லையே' என்று ஒருவர் எழுதியிருந்தார். ராஜமாணிக்கம் என் படியேறி வந்து, 'தெரியாம சொல்லிட்டேன், நம்பரைப் போட்டுடும்மா' என்று கெஞ்ச வேண்டும். அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்குச் சௌந்தரம் அக்கா ஞாபகமே வரவில்லை.

ஒரு தடவை அவரே போன் செய்தார். "யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

"கொஞ்சம் வேலையா இருக்கேன்க்கா. பாத்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

திருவாதிரை வந்தது, போனது. ராஜமாணிக்கம் வரவேயில்லை. அந்த ஆள் எதற்கு வரப்போகிறார்? அவருக்கு வேண்டியது முப்பத்தாறு முகமும் ஒரு திறப்பு விழாவும். அது கிடைத்துவிட்டது.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் வந்தவர் சௌந்தரம் அக்கா. படியேறிய மூச்சு அடங்கும்வரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லாட்ஜை மூடியாச்சு. வெப்சைட்டைப் பாத்துட்டு ஒரு ரூம் கூட வரல. நாளைக்குக் குறிஞ்சிப்பாடிக்குப் போறேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கணும் ஜான்சி. நெசமாவே யாரும் பாக்கலியா?"

யாரும் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பிக்கொண்டு போயிருப்பார். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திறந்து காட்டினேன். இருபத்து மூன்று கருத்து. அக்கா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். எத்தனை ரூம் என்று உதட்டுக்குள் கூட்டிக்கொண்டே வந்தார்.

"நாப்பத்தோரு ரூமு" என்றார்.

விரலை மறுபடி முதல் கருத்துக்குக் கொண்டுபோனார்.

"இந்தக் கோயம்புத்தூர்க்காரரு எழுதினத நீ எப்ப பாத்தே?"

"அன்னிக்கே."

"நான் போன் பண்ணப்ப?"

"அதுக்கு முன்னாடியேக்கா. உங்க மாமாதான் நம்பரை எடுக்கச் சொன்னாரு. எவ்ளோ சொல்லியும் கேக்கல. அவருக்கு ஒரு பாடம்..."

அக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அவுருக்குத் தெரியாது ஜான்சி. தெரியாம செஞ்சாரு. உனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார். நான் வாழ்நாளில் யார் மேலும் அத்தனை அருவருப்புப் பட்டதில்லை, அன்றைக்கு என் மேல் பட்டது போல. ராஜமாணிக்கம் வெறும் முட்டாள். என்னை என்ன சொல்ல?

மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இனி எடுக்க ஆளில்லாத அந்த நம்பரை முதல் பக்கத்தில், முகங்களுக்கு மேலே, கொட்டை எழுத்தில் போட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.