நாறாத முட்டை

காய்ச்சல் விட்ட பிறகு அவளுக்கு எல்லாம் அழுகலாக நாறின. சோப்பு செத்த எலியாக நாறியது. காபியில் சாக்கடை வாடை. கணவன் பக்கத்தில் வந்து படுத்தால், அழுக்குத் துணி ஊறிக்கிடக்கும் வாளி ஞாபகம். ஒருநாள் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையிடமிருந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டதை யாரிடம் போய்ச் சொல்வது?

வேலையிடத்தில் சொல்லவே முடியாது. அங்கே அவள் மூக்குக்குத்தான் சம்பளம்.

முட்டையின் வெள்ளைக்கருவை உலர்த்திப் புரதப் பொடியாக்கும் ஆலை அது. மோப்ப மேசைப் பெண்கள் ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, மஞ்சளைப் பிரித்து, வெள்ளையை முகர்வார்கள். நல்லது கேனுக்கு. கெட்டது காலடியில் இருக்கும் கழிவு வாளிக்கு. கேன் நிறைந்ததும் பொதுத்தொட்டியில் கவிழ்க்க வேண்டும். ஒரே ஓர் அழுகல் போனாலும் தொட்டி பாழ். போன வருடம் ஒருத்தி அசந்துவிட்டாள். மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள்.

விடுப்பு முடிந்து வந்த அன்று கிண்ணத்துக்குக் கிண்ணம் பிணவாடை. நடுவில் ஒன்று மட்டும் பழுத்த பழம்போல லேசாக இனித்து மணத்தது. பார்த்தால், வெள்ளை பச்சையோடிக் கலங்கிக் கிடந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நாறினால் நல்லது. நாறாவிட்டால் கெட்டது. எல்லா அழுகலும் கண்ணுக்குத் தெரிவதில்லை; மூக்கைத்தான் நம்ப வேண்டும். இரண்டு மாதம் மூக்கைத் தலைகீழாக வைத்தே பிழைத்தாள். ஒரு கெட்ட முட்டைகூடத் தப்பவில்லை. எச்சிலை விழுங்கி விழுங்கித் தொண்டைதான் புண்ணானது.

மாதிரி எடுக்க வரும் லேப்காரர் வாய் ஓயாதவர்.

"புரதம் நாறாதும்மா. மணி மணியா கோத்த நீள மாலை அது. சுருண்டு கெடக்கும். அவ்வளவு பெரிசு காத்துல ஏறி மூக்குக்கு வராது. அழுகினா மாலை அறுந்துடும். நாறுறது அந்தச் சில்லறைதான்."

"நம்ம ஒடம்புலயும் அதே மாலைதானா சார்?" என்றாள் எதிர்மேசை அக்கா.

"தோலு, சதை, முடி, எல்லாத்துலயும்."

"அப்ப எங்க வீட்டுக்காரரு எப்பவோ அறுந்துட்டாரு."

மேசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தால் வாடை நாக்கில் ஒட்டும்.

ஒருநாள் காலை வழக்கமான நாற்றத்தோடுதான் தொடங்கியது. தேநீர் இடைவேளை முடிந்து வந்தபின் ஒரு கிண்ணம் நாறவில்லை. கழிவு வாளியில் கொட்டினாள். அடுத்ததும் நாறவில்லை. அதற்கடுத்ததும்.

"என்னடி, கோழிங்க மேல கோவமா? வாளி ரொம்பி வழியுது," என்றாள் அக்கா.

"கெட்ட சரக்குக்கா."

"அதே சரக்குதானே எனக்கும் வருது. நல்லாத்தானே இருக்கு?"

மேஸ்திரி வேறு நடந்து வந்து வாளியை எட்டிப் பார்த்தார். அங்கேயே நின்றார். அவர் பார்க்க அடுத்த முட்டையை உடைத்தாள். குப்பென்று அடித்தது.

அப்பாடா.

கேனில் ஊற்றினாள். மேஸ்திரி நகர்ந்தார். கேன் நிறைந்திருந்தது. கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்து மூடியை இழுத்தாள். சாப்பாட்டு மணி அடித்தது.

வழக்கம்போல மூச்சை அடக்கிக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். பிடி தவறி ஒரு மூச்சு உள்ளே போனது. வெங்காயம். ஓரம் கருக வதக்கிய வெங்காயம். அவளுக்குக் கண் கலங்கியது. அள்ளி அள்ளித் தின்றாள்.

"மெல்லடி. யாரும் புடுங்கிக்க மாட்டோம்," என்றாள் அக்கா.

பாதியில் கை நின்றது. வெங்காயம் மணக்கிறது. மூக்கு திரும்பிவிட்டது. அப்படியானால் நாறவில்லை என்று கொட்டியதெல்லாம் நல்ல முட்டை. கடைசியாக நாறிய அந்த ஒன்று தொட்டியில்.

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அக்கா மெல்லுவதை நிறுத்தவில்லை.

"வாய மூடிக்கிட்டு உக்காரு. எப்படியும் சூடு பண்ணித்தானே காய வைக்கறாங்க? கிருமியெல்லாம் செத்துப்போவும்."

"நாத்தம் சாகுமாக்கா?"

"அவ்வளவு பொடியில ஒத்த முட்டைய எவன் கண்டுபிடிக்கப்போறான்? ஒனக்கு வேலை வேணுமா வேணாமா?"

"வேணும்."

"அப்பத் தின்னு."

அவள் டப்பாவைப் பார்த்தாள். பொடி நோயாளிகளுக்குப் போகிறது. பாலில் கலக்கிக் கொடுப்பார்கள். எழுந்திருக்க முடியாத யாரோ ஒருவர் வாயைத் திறப்பார். அழுகலை விழுங்குவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மாதமாக அவள் தின்றது அதைத்தான்.

எழுந்து மேஸ்திரியிடம் போனாள்.

"தொட்டியில அழுகல் போயிடுச்சு சார். நான்தான் ஊத்தினேன்."

"மோந்து பாக்கலையா?"

"பாத்தேன். நாறிச்சு. அதனாலதான் ஊத்தினேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். போய்த் தொட்டி மூடியைத் தூக்கினார். உடனே முழங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

"தொறந்து விடுங்கய்யா!"

அடிக்குழாய் திறந்தது. காலை முழுவதும் அத்தனை பேர் உடைத்த வெள்ளை, நுரைத்துக்கொண்டு, கோழைபோல நூல் நூலாக இழுபட்டு வடிகாலில் இறங்கியது. சாப்பிட்டுக் கை துடைத்தபடி வந்த பெண்கள் சுவரோரம் நின்றார்கள். அக்கா வேறு பக்கம் பார்த்தாள்.

நாற்றம் மேலே எழும்பி வந்தது. எல்லோருக்கும் வந்த அதே நாற்றம்தான் அவளுக்கும் வந்தது. வடிகால் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, தின்றதையெல்லாம் அதற்குள்ளேயே வாந்தியெடுத்தாள்.

"வாயக் கழுவிட்டு கெளம்பு," என்றார் மேஸ்திரி. "நாளைக்கு வர வேணாம்."